ஓரி கேட்ட யானைச் சத்தம்

கொல்லிமலைக் காட்டுக்குள் ஒரு பாணர் கூட்டம். எதிரே ஒரு வேட்டைக்காரன். ஆள் யாரென்று தெரியாது. அவன் விட்ட ஒரே அம்பு யானையைச் சாய்த்து, புலியைத் துளைத்து, மானை உருட்டி, காட்டுப் பன்றியை வீழ்த்தி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பின் மேல் போய்ச் செருகி நின்றிருக்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பாடியவர் வன்பரணர். புறநானூற்றில் 152-வது பாட்டு.

இப்படி எய்கிறவன் சாதாரண வேடனாக இருக்க முடியாது, ஒருவேளை மலைக்குச் சொந்தக்காரனான வல்வில் ஓரியேதானோ என்று புலவருக்குச் சந்தேகம். நேரடியாகக் கேட்க முடியுமா? நன்றாக இருக்காது. அதனால் கூட இருக்கும் விறலியரைப் பார்த்து, 'ஆரம்பிங்கம்மா கச்சேரியை' என்கிறார். முழவு, யாழ், எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. 21 துறைகளும் பாடி முடித்து, தலைவனே என்று விளிக்கிறார்கள். தன் புகழைத் தானே கேட்க நேர்ந்த அந்த வேடனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. இறைச்சி, மது, அதோடு தன் மலையில் பிறந்த பொன்னும் மணியும் அள்ளிக் கொடுத்து அனுப்புகிறான். ஓரியேதான்.

இந்தப் பாட்டைப் படிக்கிறவர்கள் அம்பைப் பற்றிப் பேசுவார்கள், கொடையைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அந்த வாத்தியப் பட்டியலில் ஒன்றின் மேல் கண். தூம்பு. சும்மா தூம்பு இல்லை. களிற்றின் மூச்சை ஒலிக்கிற தூம்பு. யானைத் துதிக்கை மாதிரி நீளமான குழல். ஊதினால் யானை பெருமூச்சு விடுகிற மாதிரி இருக்கும்.

காட்சியை யோசித்துப் பாருங்கள். நிஜ யானை செத்துக் கிடக்கிறது. அந்தக் காட்டில், அதைக் கொன்றவன் முன்னால், ஒரு ஆசாமி குழலை எடுத்து யானை மூச்சு விடுகிறான்.

இன்றைக்கு இதற்கு சவுண்ட் எஃபெக்ட் என்று பெயர். சினிமாக்காரர்கள் கண்டுபிடித்த சமாசாரம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கையில் கிடைத்ததை வைத்து இல்லாத ஒன்றின் சத்தத்தைச் செய்வது மலைக்காரர்களுக்குப் பழகிப்போன வேலை. பொழுதுபோக்குக்காக மட்டும் அல்ல, வயிற்றுப்பாட்டுக்காக.

தினை முற்றும் பருவத்தில் கிளி வரும். ஒன்றிரண்டல்ல, கூட்டம் கூட்டமாக வரும். அரை நாள் அசந்தால் ஆறு மாத உழைப்பு காலி. ஆகவே புனத்தில் பரண் கட்டி, வீட்டுப் பெண்களைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். வள்ளி 'ஆலோலம்' பாடியது இதே உத்தியோகத்தில்தான். தொண்டை எத்தனை நேரம் தாங்கும்? அதற்காகச் சில கருவிகள். தட்டை என்பது பிளந்த மூங்கில். தட்டினால் படபடவென்று அடித்துக்கொள்ளும். தழல் என்பது கையால் சுற்றி ஓசை எழுப்புவது. குளிர் என்று இன்னொன்று. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் இந்த மூன்றையும் சேர்த்தே சொல்கிறார். நான் பி.காம். படித்தவன். எனக்கு இதில் முதலில் தெரிவது முதலீடுதான். மூங்கில் காட்டில் சும்மா கிடைக்கிறது. செலவு சைபர், வரவு ஒரு களஞ்சியம். இத்தனை லாபமான சவுண்ட் டிபார்ட்மெண்ட் பிறகு எந்த ஸ்டூடியோவுக்கும் வாய்க்கவில்லை.

கொல்லிப் பாவை விஷயமும் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு ஒரு சம்சயம் உண்டு. சங்கப் பாட்டுகளில் அது அழகுக்கு உவமை. மழை, காற்று, இடி எதற்கும் கலங்காமல் நிற்கிற, பூதம் செய்த பொம்மை. பின்னாள் கதைகளில்தான் அது சிரிக்க ஆரம்பித்தது. கிட்டே வரும் எதிரியைச் சிரித்தே கொன்றது. காற்று புகுந்தால் 'ஹா ஹா' என்று ஒலிக்கும் ஏதோ ஒரு பாறை இடுக்கு அதன் பின்னால் இருந்ததோ என்னவோ. ஆதாரம் கேட்காதீர்கள், என் ஊகம்தான்.

சத்தம் செய்வது ஒரு வேலை என்றால், சத்தத்தைச் சேர்த்து வைப்பது இன்னொரு வேலை. அதையும் ஒருவர் செய்திருக்கிறார். கொல்லிமலைக்கு வடக்கே செங்கம் பக்கத்தை ஆண்டவன் நன்னன். அவனிடம் பரிசில் வாங்கப் போகிற கூத்தர்களுக்கு வழி சொல்வதாக, பெருங்கௌசிகனார் என்ற புலவர் 583 அடியில் ஒரு பாட்டு எழுதினார். வழியில் என்ன சாப்பாடு கிடைக்கும், எங்கே பாம்பு இருக்கும், எங்கே வழுக்கும் என்று சகலமும் சொல்லிக்கொண்டு வருகிற மனுஷர், நடுவில் சட்டென்று நின்று காதைத் தீட்டிக்கொள்கிறார். மலையில் என்னென்ன சத்தம் கேட்கும் என்று ஒரு பட்டியல். சுமார் 20 சத்தங்கள்.

அருவி விழும் ஓசை. முள்ளம்பன்றியின் முள் தைத்த காவல்காரனின் அழுகை. புலி அடித்துக் காயம்பட்ட கணவனுக்குப் புண் ஆற வேண்டும் என்று பெண்கள் பாடும் பாட்டு. வேங்கை மரத்தில் பூப் பறிக்கும் பெண்கள் 'புலி புலி' என்று போடும் கூச்சல். குட்டியைத் தவறவிட்ட மந்தியும் அதன் கூட்டமும் போடும் ஓலம். தேன் எடுத்தவர்களின் ஆரவாரம். பாகர்கள் யானையைப் பழக்கும் பேச்சு. கிளி விரட்டும் தட்டை. நாட்டுக் காளையும் காட்டுக் காளையும் முட்டிக்கொள்வதைப் பார்க்கும் கூட்டத்தின் சத்தம். பலாச்சுளையிலிருந்து கொட்டையைப் பிரிக்கக் கன்றுகளை மேலே மிதிக்க விட்டு ஓட்டும் பிள்ளைகளின் சத்தம். கரும்பு ஆலையின் இரைச்சல். தினை குற்றும் பெண்களின் பாட்டு. கிழங்கு தோண்ட வரும் பன்றியை விரட்ட அடிக்கும் பறை. எல்லாம் கலந்து மலையில் மோதி எதிரொலித்து எழும் மொத்த ஓசையை, மலையாகிய யானைக்கு மதம் பிடித்த மாதிரி என்று கற்பனை செய்கிறார். பாட்டுக்குப் பெயரே அதிலிருந்துதான் வந்தது: மலைபடுகடாம்.

அட, இது சவுண்ட் லைப்ரரி அல்லாமல் வேறென்ன? ஒரே ஒரு குறை. எழுத்தில் இருக்கிறது, போட்டுக் கேட்க முடியாது. அந்த மிஷினுக்கு 1877 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எடிசன் வந்து சேர்ந்தார்.

மிஷின் வந்ததும் பெரியவர்கள் எல்லாரும் பாட்டையும் பிரசங்கத்தையும் பதிந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் லுட்விக் கோச் என்ற பொடியனுக்கு வேறு யோசனை. 1889-ல் அவனுக்கு வயது எட்டு. அப்பா வாங்கித் தந்த மெழுகு உருளை மிஷினை, வீட்டுக் கூண்டில் இருந்த ஒரு பறவைக்கு முன்னால் வைத்தான். உலகத்தில் நமக்குக் கிடைத்திருக்கும் முதல் பறவைப் பதிவு அதுதான். அந்தப் பறவை எது தெரியுமோ? ஷாமா. தமிழில் சோலைபாடி. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் பாடுகிற அதே பறவை. பிற்பாடு கோச் 1936-ல் ஹிட்லரிடமிருந்து தப்பி இங்கிலாந்து போய், பி.பி.சி.யில் பறவைச் சத்தங்களைப் பதிவு செய்தே பெரும் புகழ் பெற்றார். ஆரம்பம் என்னவோ வீட்டுக்குள் ஒரு பையன் செய்த விளையாட்டு.

நிஜத்தைப் பதிவது இப்படி ஒரு பக்கம் வளர, பொய்யைச் செய்கிற கலை நாடக மேடையில் வளர்ந்தது. மேடைக்கு எப்போதும் தேவை இடி. லண்டனில் ஜான் டென்னிஸ் என்ற நாடகாசிரியர் 1709-ல் தன் நாடகத்துக்காகப் புதுவிதமாக ஒரு இடி தயாரித்தார். நாடகம் படுத்துவிட்டது. கொட்டகைக்காரர்கள் நாடகத்தைத் தூக்கிவிட்டு இடியை மட்டும் வைத்துக்கொண்டு, அடுத்து போட்ட ஷேக்ஸ்பியர் நாடகத்தில் உருட்டினார்கள். மனுஷன் பார்வையாளர் நடுவிலிருந்து, 'என் இடியைத் திருடிவிட்டார்கள்!' என்று கத்தினாராம்.

நம்மூரில் இடி, மின்னல், மாயம் என்றால் ஆர்.எஸ்.மனோகர். 'இலங்கேஸ்வர'னை மேடையேற்றியவர். அவர் இனிஷியலில் உள்ள ஆர், ராசிபுரம். கொல்லிமலையை நிமிர்ந்து பார்க்கிற ஊர்.

சினிமா பேச ஆரம்பித்தபோது கதை தலைகீழானது. சென்னையிலேயே தயாரான முதல் பேசும் படம் 1934-ல் வந்த 'சீனிவாச கல்யாணம்'. இயக்கியவர் ஏ.நாராயணன். ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர். 1934-ல், ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி! இதை நாம் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வெயில் வெளிச்சத்தில் படம் பிடிக்கும்போதே வசனமும் பாட்டும் பதிவாகிவிடும். கதாநாயகி உருகும்போது காக்கை கரைந்தால் அதுவும் பதிவாகிவிடும். காக்கை விரட்டுவதற்கென்றே ஸ்டூடியோக்களில் ஆள் வைத்திருந்ததாகப் பழைய சினிமாக்காரர்கள் சொல்வதுண்டு. தினைப்புனத்தில் பறவையை விரட்டச் சத்தம் போட்டார்கள். இங்கே சத்தத்தைப் பிடிக்கப் பறவையை விரட்டினார்கள்.

சரி, வசனம் பதிந்தாயிற்று. காலடிச் சத்தம்? சேலை சரசரப்பு? கதவு? ஹாலிவுட்டில் யுனிவர்சல் கம்பெனிக்கு 1929-ல் இந்தச் சிக்கல் வந்தது. மௌனப் படமாக எடுத்த ஒன்றுக்கு அவசரமாகச் சத்தம் சேர்க்க வேண்டும். ஜாக் ஃபோலி என்பவரும் இன்னும் சிலரும் திரையில் ஓடும் படத்தைப் பார்த்துக்கொண்டே கூடவே நடந்து, தட்டி, உரசிச் சேர்த்தார்கள். இன்றும் சென்னை ஸ்டூடியோக்களில் அந்த வேலைக்கு 'ஃபோலி' என்றுதான் பெயர்.

ஆனால் தமிழர்களின் காதை நிஜமாகப் பழக்கியது ரேடியோ. சென்னை நிலையம் 1938-ல், திருச்சி 1939-ல். ரேடியோ நாடகத்தில் கண்ணுக்கு வேலையே கிடையாது. ஒரு தாழ்ப்பாள் சத்தம் வந்தால்தான் அங்கே ஒரு வீடு இருக்கிறது. குதிரை என்றால் இரண்டு கொட்டாங்குச்சி. முறத்தில் அரிசியையோ பயறையோ போட்டு மெள்ளச் சாய்த்தால் மழை. கண்ணாடித்தாளைக் கசக்கினால் தீ. தகரத்தை ஆட்டினால் இடி. மணல் தட்டில் நடந்தால் பாலைவனம். இதெல்லாம் உலகம் முழுக்க ஒரே வைத்தியம்தான், கொட்டாங்குச்சி உட்பட.

இதில் ஒரு வினோதம். நிஜ மழையை மைக் வைத்துப் பதிந்தால் பல சமயம் மழை மாதிரியே இருக்காது. முறத்து அரிசிதான் மழை மாதிரி இருக்கும். காரணம் ரொம்ப எளிது. மழையில் நிற்கும்போது நாம் காதால் மட்டுமா கேட்கிறோம்? ஈரம், குளிர், மண்வாசனை எல்லாம் சேர்ந்துதான் மழை. மைக்குக்கு அதெல்லாம் தெரியாது. அதற்கு வந்து சேர்வது ஒரே சீரான இரைச்சல். அரிசியிலோ ஒவ்வொரு மணியும் தனித்தனியாக விழுவது கேட்கும். காது அந்தத் துளிகளைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும்.

நான் இதைப் புத்தகத்தில் படிக்கவில்லை. அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

1999. பி.காம். இரண்டாம் வருடம். கல்லூரி ஆண்டு விழாவுக்கு 'வல்வில் ஓரி' நாடகம். எனக்கு நடிக்க வராது என்று ஒருமனதாகத் தீர்மானித்து, சத்தம் சேர்க்கும் வேலையைத் தலையில் கட்டினார்கள். நானும் சீரியஸாக எடுத்துக்கொண்டேன். ஓரியின் மலை என்றால் ஓரியின் அருவியையே பதிந்துவிடுவோமே! நண்பனின் மாமா வீட்டு டூ இன் ஒன்னைக் கெஞ்சி வாங்கிக்கொண்டு, புது பேட்டரி போட்டு, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவும் ஏறி, பஸ்ஸில் இரண்டு முறை வாந்தி எடுத்து, அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஆயிரத்துச் சொச்சம் படி இறங்கி, ஆகாய கங்கையின் எதிரே நின்று பட்டனை அமுக்கினோம். சிலிர்ப்பாக இருந்தது. நெஞ்சுக்கூட்டில் அதிர்ந்தது.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ மாதிரி 'ஸ்ஸ்ஸ்' என்றது. அவ்வளவுதான். நண்பனின் அம்மா அடுப்படியிலிருந்து, "ஏண்டா, அதை ஆஃப் பண்ணித் தொலைங்களேன்" என்றார்கள்.

கடைசியில் அருவியை பாத்ரூமில் செய்தோம். பிளாஸ்டிக் வாளியில் குழாயைத் திறந்துவிட்டு, கையால் அளைந்து, டூ இன் ஒன்னுக்கு மேல் துண்டைப் போர்த்தி. பிரமாதமாக வந்தது.

சொல்ல வந்தது அருவியைப் பற்றி அல்ல. படி இறங்குவதற்கு முன்னால், மலைமேல் ஒரு சிற்றூரில் தண்ணீர் கேட்டுக் குடித்தோம். பேட்டரி வேலை செய்கிறதா பார்ப்போம் என்று அங்கே அரை நிமிடம் சும்மா பதிந்தோம். அந்த வீட்டு வாசலில் இரண்டு பெண்கள் உரலில் சாமை குற்றிக்கொண்டிருந்தார்கள். உலக்கை மாற்றி உலக்கை. தொம்... தொம். ஒவ்வொரு போடுக்கும் ஒரு மூச்சு. நடுவில் ஒரு கோழி. நண்பன் குரல், "ரெக்கார்டு ஆவுதாடா?"

நாடகத்தில் யானை வருகிற காட்சி. என்ன செய்வதென்று தெரியாமல் கேசட்டை ஓட்டிப் பார்த்தபோது இந்த உலக்கை கிடைத்தது. கோழியையும் நண்பனையும் தவிர்த்து, நாலு போடு மட்டும் இன்னொரு கேசட்டில் திரும்பத் திரும்பப் பதிந்து, பேஸைக் கூட்டிப் போட்டோம். தொம்... தொம்... மேடைக்கு வெளியே யானை நடந்து வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பேராசிரியர் ஒருவர் நிஜமாகவே திரும்பிப் பார்த்தார்.

யானை நடந்தால் சத்தமே வராது என்று எனக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதன் பாதம் மெத்தை மாதிரி. அத்தனை டன் எடையும் பூனை மாதிரி நடக்கும். நாங்கள் காட்டியது யானையே அல்ல. ஆனால் நிஜ யானை அன்று வந்திருந்தால் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சத்தத்தைத் துண்டு போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டும் வேலையை 1948-லேயே பாரிஸ் ரேடியோவில் பியர் ஷேஃபர் செய்துவிட்டார். ரயில் நிலையத்தில் பதிந்த சத்தத்தை இசையாகக் கோத்தார். பிறகு 1979-ல் ஃபேர்லைட் என்று ஆஸ்திரேலியக் கருவி ஒன்று வந்தது. எந்தச் சத்தத்தைக் கொடுத்தாலும் கீபோர்டில் ஸ்வரமாக வாசிக்கலாம். இப்போது அது செல்போனில் இலவசமாகக் கிடைக்கிறது. விட்டுவிடலாம்.

அந்த கேசட்? நாடகம் முடிந்த மாதமே ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, மேலேயே புதுப் பாட்டு பதிந்துகொண்டுவிட்டேன். புது கேசட் வாங்கும் காசு மிச்சம். வாழ்க்கையில் நான் போட்ட எத்தனையோ தப்புக் கணக்குகளில் இது ஒன்று.

ஏனென்றால், அந்த உலக்கைச் சத்தம் கொல்லிமலையிலேயே அருகிவிட்டது. சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த சரிவுகளில் மரவள்ளி ஏறியது. சேலம், நாமக்கல் சேகோ ஆலைகள் கிழங்கைக் காசு கொடுத்து வாங்கின. சாமைக்கு யார் காசு கொடுத்தார்கள்? மிச்சமிருந்த சாமைக்கும் உமி நீக்கும் மிஷின் வந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே சிறுதானியத்தைக் காப்பாற்ற எடுத்துக்கொண்ட முயற்சிகளில் இந்த மிஷின்களும் உண்டு. நல்ல காரியம். சாமையின் உமி லேசில் விடாது. மணிக்கணக்கில் குற்ற வேண்டும். போன வருடம் மலைக்குப் போனபோது ஒரு பாட்டியிடம் அந்தச் சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் உருகிப் பேசினேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "குத்துனவளுக்குல்ல தெரியும் தோள்பட்டை வலி" என்றார். நான் அதற்கு மேல் உருகவில்லை.

அவர் சொன்னது சரிதான். உலக்கை ஓய்ந்ததில் அவருக்கு வருத்தம் இல்லை, இருக்கவும் வேண்டாம். ஆனால் அதை ஓய விடுவதும், ஓய்வதற்குள் ஒரு நிமிடம் பதிந்து வைப்பதும் ஒன்றுக்கொன்று விரோதமில்லையே. பெருங்கௌசிகனார் 20 சத்தங்களை எழுத்திலாவது வைத்துவிட்டுப் போனார். என் கையில் மிஷினே இருந்தது.

அதே பயணத்தில், இறங்கும்போது அடிவாரத்தில் ஒரு மரவள்ளிக் காட்டோரம் வண்டியை நிறுத்தினோம். காட்டுக்குள்ளிருந்து ஒருவர், "ஏய்ய்ய்... ஹோய்ய்ய்..." என்று கத்தினார். நின்று பதில் சொல்லலாமா என்று பார்த்தால், அதே குரல், அதே இழுப்பில், திரும்பவும். திரும்பவும். ஆள் இல்லை. கம்பில் ஒரு மெகாபோன் கட்டியிருந்தது. பேட்டரியில் ஓடுவது, பட்டனை அமுக்கிப் பேசினால் பதிந்துகொண்டு அதையே ஓயாமல் ஒலிபரப்பும். காட்டுப் பன்றிக்காக.

காட்டுக்காரர் வரப்பில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். குரல் அவருடையதுதான்.

"கேக்குதுங்களா பன்னிங்க?" என்றேன்.

"ஒரு வாரம் கேக்கும் தம்பி. அப்பறம் பழகிப்போயிரும். அது வெறும் பெட்டின்னு தெரிஞ்சிருதே அதுக்கு. நானும் மாத்தி மாத்தித்தான் வெக்கிறேன். முந்தி நாய் கொலைக்கிற சத்தம் வெச்சேன். அப்பறம் தகர டின்னத் தட்டி வெச்சேன். வீட்ல அம்மாவ ஒருக்கா பேச வெச்சேன். அதுக்குத்தான் பத்து நாள் வராம இருந்துச்சு."

சிரித்துவிட்டு, என் செல்போனைப் பார்த்தார். "உங்க போன்ல யானைச் சத்தம் கெடைக்குங்களா?"

தேடினேன். ஏகப்பட்டது கிடைத்தது. ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். பிளிறல் எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. "இது சினிமா யானை" என்று ஒதுக்கிவிட்டார். கடைசியில், பிளிறாமல் ஆழமாக உறுமிக்கொண்டு மூச்சுவிடுகிற ஒரு பதிவைக் கேட்டதும், "இது, இது" என்றார். மெகாபோனின் பட்டனை அமுக்கி, போனை அதன் வாயருகே பிடித்துக்கொண்டோம். இரண்டு தடவை லாரி ஹாரன் குறுக்கே வந்து கெட்டது. மூன்றாவது தடவை சரியாகப் பதிந்தது.

நாலு நாள் கழித்துப் போன் செய்தார். மூன்று ராத்திரி எதுவும் வரவில்லையாம். நாலாவது ராத்திரி வந்து இரண்டு வரிசைக் கிழங்கைக் காலி பண்ணிவிட்டதாம். "அடுத்தது என்ன சத்தம் வெக்கலாங்க தம்பி?" என்று கேட்டார்.